திருப்பித் தருவதற்கான காரணம்

கணினியில் நான்கே கட்டம்:
அளவு சரியில்லை
நிறம் பிடிக்கவில்லை
தையல் பிரிந்தது
மற்றவை.

சனிக்கிழமை பதினொன்றரை.
கொம்தார் பக்கம் மழை அப்போதுதான் விட்டிருந்தது.
முதலில் வந்தவர் சந்தனமேரி,
பெரிய மருத்துவமனைத் தாதி,
இரவு வேலை முடித்த கண்.
வெள்ளைச் சப்பாத்தைக் கல்லாமேல் வைத்தார்.
ரசீது நான்காய் மடித்திருந்தது.
வாங்கி ஆறு நாள்,
நூற்று எண்பத்தொன்பது வெள்ளி.

“அளவு சரியில்லையா அக்கா?”

“அளவெல்லாம் சரிதான்.
பன்னிரண்டு மணி நேரம் நின்றேன்,
ஒரு கொப்புளம் இல்லை. அருமையான தையல்.
தைத்தவர்களுக்குத்தான் மூன்று மாதமாய்ச் சம்பளம் இல்லை.
அதைப் போடு.”

அதற்குக் கட்டம் இல்லை.

அவருக்குப் பின்னால் வரிசை.
மாணவி ஹுய் லிங்.
இடுப்பில் பிள்ளையோடு நோராய்னி;
பிள்ளையின் காலிலிருந்தும் கழற்றிக்கொண்டிருந்தார்,
அது ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு அழுதது.
டாக்சி ஓட்டும் ஒருவர்,
வார் அறுந்த பழைய ஜோடி, ரசீது கிடையாது.
“காசு வேண்டாம், இது என் வீட்டில் இருக்க வேண்டாம்” என்றார்.

யாரும் கோஷம் போடவில்லை.
போட்டிருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருப்பார்கள்.
காவலாளி நேபாளத்துக்காரர்.
அன்று நெடுநேரம்
துடைத்த கண்ணாடிக் கதவையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீ உட்காரேன் மா.”
“நாற்காலி கிடையாது அக்கா.”
கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து
அதையும் எழுதிக்கொண்டார்.

மற்றவை என்று அழுத்தினேன்.
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
மலாயில் தட்டினேன்: காஜி தாக் பாயார்,
சம்பளம் கொடுக்கவில்லை.
இடம் மிச்சம் இருந்தது.

எனக்கு அந்தத் தொழிற்சாலையைத் தெரியும்.
நான் பிறையில் இருக்கிறேன்.
பெர்ரிக்குக் கிளம்பும் இருட்டில்
நீல பஸ் என்னைக் கடந்து போகும்,
ஜன்னல் முழுக்கத் தூங்கும் தலைகள்.
பட்டர்வொர்த்தில் பணம் அனுப்பும் கடையில்
ஒரு ஞாயிற்றுக்கிழமை
படிவம் நிரப்பித் தரச் சொல்லி
என் கையைத் தொட்டாள் ஒருத்தி.
பெயர் புஷ்பமாயா தாமாங்.
பாஸ்போர்ட் எண்ணைப் பாட்டுப்போல ஒப்பித்தாள்.
புத்தகம் எங்கே என்றது கவுண்டர்.
கம்பெனி பெட்டியில்.
புத்தகம் இல்லாமல் பணம் போகாது.
அவள் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்,
பெர்ரிக்கு நேரமாயிற்று என்று ஓடினேன்.

கடை மூடும்போது முப்பத்தொரு ஜோடி.
மிஸ்டர் லியோங் எண்ணி முடித்துச் சொன்னார்:
“துடைத்து அடுக்கு. திங்கட்கிழமை பாதி விலை.”
அவரும் பாவம், தலைமையகத்திலிருந்து
ஏழு தடவை போன்.

துடைத்தேன்.
பல்லிடுக்கு போன்ற அடிப்பாகத்தில்
மருத்துவமனை டெட்டால் வாசம்.
அக்கா மழைத்தண்ணீரில்
ஜப்பான் சிலிப்பர் சளக் சளக்கென்று போனது
நினைவுக்கு வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
யாரும் இல்லாதபோது போட்டுப் பார்த்தேன்.
என் அளவு.
பத்து மணி நேரம் நின்ற கால்
உள்ளே போனதும் பெருமூச்சு விட்டது.
ஊழியர் கழிவில் எழுபத்தைந்து வெள்ளிக்கே வரும்.
நாக்கை மடித்துப் பார்த்தால்
உள்தையலில் சிக்கிய ஒரு முடி,
நீளமாய், கறுப்பாய்.
இழுத்தேன், வரவில்லை.
நூலோடு நூலாய்த் தைத்திருந்தது மெஷின்.

திங்கட்கிழமை.
பள்ளிச்சீருடை மகளோடு ஒரு பெண்
அதே ஜோடியைத் தூக்கிப் பார்த்தாள்,
வளைத்தாள், முகர்ந்தாள்.
“புதுசுதானே, ஏன் பாதி விலை?”
“திரும்பி வந்தது.”
“என்ன குறை?”

லியோங் பார்த்துக்கொண்டிருந்தார்.
“மற்றவை” என்றேன்.

அவள் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.
போகவில்லை.
“மற்றவை என்றால்?”